நீர்வேலி வளவில் கும்பிடுபூச்சி வளர்ப்பு: வெக்கையும் ஈயும்

ஐப்பசி மழை தொடங்கிய நாட்களில், யாழ்ப்பாணத்து நீர்வேலியில் எங்கள் விறாந்தையில் தொங்கும் வலைக்கூட்டுக்குள் ஒரு பெண் கும்பிடுபூச்சி கடைசித் தோலையும் உரித்து இறக்கை விரித்தது. கார்த்திகை முடிவதற்குள் அது முட்டைக்கூடும் வைத்துவிட்டது. முட்டையில் தொடங்கி முட்டை வரைக்கும் ஒரு சுற்று ஒழுங்காக வந்திருப்பதால், செய்த வேலையை வரிசையாக எழுதி வைக்கிறேன். வறண்ட நிலத்துக் கும்பிடுபூச்சியை வளர்க்கப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வாழைத் தோட்டத்திலும் பூச்செடியிலும் காணும் பச்சைக் கும்பிடுபூச்சிக்குச் சொல்லப்படும் முறை இதற்குச் சரிவராது. ஈரமும் நிழலும் கொடுத்தால் இது வாடிப்போகும்.

நான் வளர்த்தது வயலின் கும்பிடுபூச்சி. நெல் வயல் அல்ல, வாசிக்கும் வயலின். இன்றைய விஞ்ஞானப் பெயர் கொங்கிலஸ் கொங்கிலோடெஸ். உயிரினங்களுக்குப் பெயர் வைத்துப் பட்டியலிட்ட லின்னேயஸின் பட்டியலில் 1758 இலேயே ஏறிவிட்ட பூச்சி இது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிறது. நீண்டு மெலிந்த கழுத்து, தலையில் ஒரு கூம்பு, கால் மூட்டுகளில் சருகுத் துண்டுகள் ஒட்டியது மாதிரியான மடல்கள், மண்ணிறம். வேலியில் இருந்தால் கண்ணுக்கு முன்னாலேயே தெரியாது. இதன் குடும்பம் எம்பூசிடே. வட ஆபிரிக்காவிலிருந்து மத்திய கிழக்கு வரை வெந்து கிடக்கும் பாலைவனத்தில் முட்செடிகளைப் பற்றிக்கொண்டு வாழும் பிளெஃபரொப்சிஸ் மெண்டிகாவும் அதே குடும்பம்தான். பகலில் நல்ல வெக்கை, இரவில் குறைந்த சூடு, எப்போதும் காற்றோட்டம் என்று அந்தப் பாலைவனப் பூச்சியை வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் விதியைத்தான் நானும் பின்பற்றினேன். அது பலித்தது.

தொடக்கம் வேலி வெட்டில். பங்குனியில் கிளுவைக் கதியால்களைத் தறித்து ஒதுக்கும்போது, தறித்த குச்சிகளில் இரண்டு முட்டைக்கூடுகள் இருந்தன. நுரை காய்ந்து இறுகிய மாதிரியான சிறு கட்டிகள். விரல் நுனி அளவு. எரிக்கப் போகும் குவியலில் அவை கிடந்ததால் எடுத்தேன். குச்சியோடு சேர்த்து வெட்டி, மரத்தில் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே வரும்படி நூலில் கட்டித் தொங்கவிட்டேன். குஞ்சுகள் கூட்டிலிருந்து வெளியே வரும்போது நூலிழையில் தொங்கியபடி முதல் தோலை உரிக்கும். அதனால் கூட்டுக்குக் கீழே ஒரு சாண் வெற்றிடமாவது இருக்க வேண்டும். தரையில் கிடத்தி வைத்தால் அந்த இடமே கிடைக்காது.

இரண்டையும் தனித்தனிப் போத்தலில் வைத்தது நல்லதாய்ப் போயிற்று. ஒன்றிலிருந்து கும்பிடுபூச்சி வரவில்லை. பச்சை உலோக மினுக்கத்தோடு, பின்தொடை பருத்த, வாலில் நீண்ட ஊசி வைத்த குட்டிக் குளவிகள் வந்தன. பொடாக்ரியன் வகைக் குளவி. கும்பிடுபூச்சியின் முட்டைக்கூட்டுக்குள் ஊசியைச் செருகித் தன் முட்டையை வைப்பதே அதன் பிழைப்பு. கூட்டின் பக்கவாட்டில் குண்டூசி குத்தியது போன்ற வட்டத் துளைகள் இருந்தால் அது முடிந்த கூடு. துளை தெரியாமலும் உள்ளே குளவி இருக்கலாம். ஆகவே எத்தனை கூடு கிடைத்தாலும் ஒன்றாகப் போடாதீர்கள்.

மற்றக் கூடு வைகாசியில் ஒரு காலை பொரித்தது. முப்பதுக்கு மேல் குஞ்சுகள். ஒவ்வொன்றும் ஒரு சென்ரிமீற்றர் வரும். கருமண்ணிறம். பின்னுடலை முதுகுப்பக்கம் மடக்கி வைத்துக்கொண்டு, எதையாவது பற்றித் தலைகீழாகத் தொங்க இடம் தேடின. இந்த வகையில் ஒரு வசதி, தீனி போதுமான அளவு இருந்தால் ஒன்றையொன்று தின்பது குறைவு. பச்சைக் கும்பிடுபூச்சியைப் போல ஒன்றுக்கு ஒரு போத்தல் என்று பிரிக்கத் தேவையில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் விட்டேன்.

அந்த இடம் முதலில் ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள். கழுத்தை அறுத்து, வாயில் நுளம்புவலை கட்டியது. செலவில்லை, உள்ளே நன்றாகத் தெரியும். ஆனால் பிறகு செய்த கூட்டில் பிளாஸ்டிக்கை நான் முற்றாக விட்டுவிட்டதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பிளாஸ்டிக் சுவரில் கால் நகம் பிடிக்காது. தோலுரிக்கும் வேளையில் நடுக்கால், பின்கால் நகங்கள்தான் முழு உடலையும் தாங்குகின்றன. பிடி நழுவி விழுந்தவற்றில் சில அதே நாளில் செத்தன, சில வளைந்த காலோடு நின்றன. அடுத்தது கண். தெளிந்த பிளாஸ்டிக்குக்கு அப்பால் தெரியும் வெளிச்சத்துக்குப் போகப் பார்த்து, முகத்தைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இருக்கும். கண்ணில் கறுப்புப் பொட்டு விழும். அப்படி ஒரு கண் கெட்ட குஞ்சு, ஈயை நன்றாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, அடிக்கும்போது மட்டும் வெறும் காற்றை அடித்தது. 1983 இல் ரொசெல் என்ற ஆய்வாளர் கும்பிடுபூச்சியின் கண்களுக்கு முன்னால் அரியங்களை (ஒளியின் திசையைத் திருப்பும் கண்ணாடித் துண்டுகளை) வைத்து, இரண்டு கண்ணும் சேர்ந்துதான் அதற்குத் தூரத்தை அளந்து கொடுக்கின்றன என்று காட்டியிருந்தார். அதை நான் என் விறாந்தையில் ஒரு குஞ்சின் பட்டினியில் கண்டேன். அதற்கு ஈயைக் குறட்டில் பிடித்து வாயருகே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த தோலுரிப்பில் பொட்டு மங்கியது, அதற்கடுத்ததில் பெரும்பாலும் போய்விட்டது.

ஆனியில் வலைக்கூடு செய்தோம். பக்கத்து வீட்டுத் தச்சு அண்ணையிடம் வெட்டுத் துண்டுச் சிலாகைகள் கிடந்தன, காசு வாங்கவில்லை. முக்கால் அங்குலச் சட்டம். உயரம் 60 சென்ரிமீற்றர், அகலமும் ஆழமும் 45. இந்தப் பூச்சி முழுவளர்ச்சியில் 10 சென்ரிமீற்றர் வரும், தோலுரிக்க அதன் நீளத்தைப் போல மூன்று மடங்கு வெற்றிடம் கீழே வேண்டும். மீதி உயரம் ஈ பறப்பதற்கு. கூரையும் மூன்று பக்கமும் துணி நுளம்புவலை. முன்பக்கத்தில் ஒரு நீள சிப் தைத்த துணி, அதைத் தைத்தது மாமி. அடித்தட்டு மட்டும் பலகை, மேலே கடதாசி.

வலையைத் தேர்வதில் கவனம் வேண்டும். யன்னலுக்கு அடிக்கும் அலுமினிய வலையில் நகம் மாட்டி முறியும். துணிவலையில் பழ ஈ வெளியே போய்விடும். அதனால் குஞ்சுகள் நான்காவது தோல் உரிக்கும் வரை மேலே ஒரு மெல்லிய பழைய வேட்டித் துணியைச் சுற்றி வைத்தேன், பிறகு அவிழ்த்துவிட்டேன்.

உள்ளே காய்ந்த கிளுவைக் குச்சிகள் நான்கைந்து, கூரையோடு கட்டியவை. செடி, தொட்டி ஒன்றும் வைக்கவில்லை. இலை வைத்தால் ஈ அதில் ஒளிந்துகொள்ளும், பூச்சி பார்த்துக்கொண்டே பட்டினி கிடக்கும்.

வெக்கைக்கு விறாந்தையின் தெற்குப் பக்கத் தகரச் சாய்ப்பு போதுமாக இருந்தது. தெற்கிலிருந்து வரும் சோளகக் காற்று வலையை ஊடறுத்துப் போகும். வெப்பமானி ஒன்றைக் கூரை வலையில் தொங்கவிட்டு எழுதி வந்தேன். மத்தியானம் 36 முதல் 38 பாகை, விடியப்புறம் 27. முப்பத்தைந்தைத் தாண்டினால்தான் இவை உசாராகின்றன. மப்பு மூடி முப்பதுக்குக் கீழே நின்ற நாட்களில் ஈ மூக்குக்கு முன்னால் வந்தாலும் பாராமல் தொங்கின. ஐப்பசிக்குப் பிறகு 40 வாட் குண்டு பல்ப் ஒன்றைக் கூட்டுக்கு வெளியே, கூரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், பகலில் மட்டும் எரித்தேன். உள்ளே வைத்தால் பூச்சி அதில் ஏறிக் கால் சுட்டுக்கொள்ளும்.

தண்ணீர் கொஞ்சம்தான். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை காலையில் ஒரு பக்க வலையில் மட்டும் தெளிப்பேன், துளியை வாய் வைத்துக் குடிக்கும். பத்து மணிக்குள் காய்ந்துவிட வேண்டும். யாழ்ப்பாணம் வறண்ட இடம் என்றாலும் மூன்று பக்கமும் கடல், காற்றில் ஈரம் இருந்துகொண்டே இருக்கும். மாரியில் தெளிப்பை நிறுத்திவிட்டேன்.

இனி ஈ. இந்த முழு வேலையில் முக்கால் பங்கு ஈ வளர்ப்புத்தான்.

வயலின் கும்பிடுபூச்சி பறப்பதைத்தான் பிடிக்கும். தரையில் ஊரும் கரப்பான் குஞ்சையும் வெட்டுக்கிளிக் குஞ்சையும் திரும்பியே பார்க்காது. எல்லாப் பாலைவனக் கும்பிடுபூச்சியும் இப்படி அல்ல. எகிப்து, அரேபியா மணலில் எரெமியாபிலா என்று ஒன்று இருக்கிறது. உருண்டு குறுகிய உடல், பறக்க உதவாத குட்டை இறக்கை, கல்லின் நிறம். அது தரையில் ஓடித் துரத்திப் பிடிக்கும், முட்டைக்கூட்டையும் மண்ணுக்குள் புதைக்கும். அதற்கு மணல் பரப்பிய அகலத் தட்டம் வேண்டும். என் பூச்சிக்கு உயரமும் இறக்கை உள்ள தீனியும் வேண்டும். எதை வளர்க்கிறோமோ அது வேட்டையாடும் விதம்தான் கூட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

குஞ்சுப் பருவத்துக்குப் பழ ஈ. நீர்வேலியில் வாழைப்பழத்துக்குக் குறைவில்லை, சந்தையில் கழித்த கதலி சும்மா கிடைக்கும். அகன்ற வாய்ப் போத்தலில் மசித்த பழம், ஒரு சிட்டிகை ஈஸ்ட், ஈ ஏறி நிற்கக் கசக்கிய கடதாசி. பத்துப் பன்னிரண்டு நாளில் புது ஈ வர வேண்டும். பூச்சிக்கூட்டின் பக்கத்திலேயே சாய்ப்பில் வைத்த போத்தல்களில் புழு ஏதோ கொஞ்சம் வந்தது, ஆனால் அதற்கடுத்த தலைமுறை வரவேயில்லை. காரணம் சூடு. முப்பது பாகைக்கு மேலே பழ ஈயின் ஆணுக்கு மலட்டுத்தன்மை வந்துவிடும். கும்பிடுபூச்சி விரும்பும் அதே வெக்கை அதன் தீனியை அழிக்கிறது. இதற்குக் குசினி மூலையில் வழி கிடைத்தது. தண்ணீர் மண்பானை வைக்கும் ஈர மணலில் போத்தல்களைப் பாதி புதைத்து, மேலே நனைத்த சாக்கு. வெப்பமானி 26, 27 காட்டியது. அதன்பிறகு போத்தல் கறுக்கக் கறுக்க ஈ.

"உதை இஞ்ச வைச்சால் ஆர் தண்ணி குடிக்கிறது?" என்று அம்மா கேட்டா. போத்தல் வாயில் இரட்டைத் துணி கட்டிக் காட்டிய பிறகு விட்டுவிட்டா.

ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கியதும் நிலைமை இன்னும் சுலபம். பிழிந்து எடுத்த பனங்கொட்டை ஒன்றை வளவில் வைத்தால் ஒரு மணித்தியாலத்தில் பழ ஈ மொய்க்கும். மேலே ஒரு போத்தலைக் கவிழ்த்துத் தட்டினால் எல்லாம் ஏறிவரும்.

நான்காவது தோலுக்குப் பிறகு பழ ஈ பற்றாது, வீட்டு ஈ வேண்டும். வெளியில் பிடிப்பதை நான் செய்யவில்லை. சுற்றிவர வெங்காயமும் புகையிலையும் மிளகாயும், எந்தத் தோட்டத்தில் எப்போது மருந்து அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும். மருந்து பட்ட ஈ ஒன்று போதும், பூச்சி வலிப்பு வந்து விழுந்துவிடும். ஆகவே ஈயையும் வளர்த்தேன். பழைய பெயின்ற் வாளியில் இரண்டு பங்கு தவிடு, ஒரு பங்கு கோழித்தீன், பிழிந்தால் சொட்டும் அளவுக்குத் தண்ணீர். வாளி வளவின் கோடியில், கிணற்றுக்கும் வீட்டுக்கும் எட்ட. முதலில் பால்மா கலந்தேன், கட்டுப்படியாகவில்லை. கோழித்தீனே போதும், மணமும் குறைவு. ஈ முட்டையிட்டதும் வாய்க்குத் துணி கட்டிவிட வேண்டும். புழு பருத்ததும் காய்ந்த இடம் தேடும், அப்போது ஒரு பக்கத்தில் உலர்ந்த மணலைச் சரித்து வைத்தால் அதில் போய்க் கூட்டுப்புழுவாகும். அரித்து எடுத்தால் நெல்மணி அளவில் செம்மண்ணிறக் கூட்டுப்புழுக்கள். ஒரு பங்கை மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் பொரிப்பதை ஒரு கிழமை தள்ளிப்போடலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம், ஈயைக் கையால் விடத் தேவையில்லாமல் போனது. கறுக்கத் தொடங்கிய கூட்டுப்புழுக்களைச் சிரட்டையில் போட்டு, கூட்டின் அடித்தட்டில், பக்கத்தில் சீனித்தண்ணி நனைத்த பஞ்சோடு வைத்துவிடுவேன். காலையில் ஈ பொரித்து, இறக்கை காய்ந்து, வெளிச்சத்தைத் தேடி மேலே போகும். மேலேதான் பூச்சிகள் தொங்குகின்றன. தீனி தானாகவே வேட்டைக்காரனிடம் ஏறிப்போகிறது.

அந்த வேட்டையைப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டுப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஈ கூட்டுக்குள் எங்கே பறந்தாலும் முதலில் தலை மட்டும் திரும்பும், உடல் அசையாது. ஈ ஒரு பக்கத்தில் உட்கார்ந்தால் அதன் ஆர்வம் போய்விடும். மறுபடி பறந்ததும் கண் பின்தொடரும். கிட்ட வரும்போது உடல் முன்னும் பின்னும் மெல்ல ஆடத் தொடங்கும், காற்றில்லாத நேரத்திலும். முன்கால்கள் நெஞ்சோடு மடிந்தே இருக்கும். பிறகு நடப்பது கண்ணுக்கு அகப்படாது. ஒரு செக்கனில் இருபதில் ஒரு பங்கு போல ஒரு நேரம், அவ்வளவுதான். கால் நீண்டதையும் மடிந்ததையும் நான் ஒருபோதும் காணவில்லை, முள்ளுக்கிடையில் ஈ இரைவதைத்தான் கண்டிருக்கிறேன். உயிரோடேயே தின்னத் தொடங்கும். இறக்கைகள் கடதாசியில் விழும். முடிந்ததும் முன்கால் முட்களை ஒவ்வொன்றாக வாயில் வைத்துத் துடைக்கும், அடுத்த அடி வழுக்காமல் இருக்க அது தேவை. தட்டில் காலையில் விழுந்து கிடக்கும் இறக்கைகளை வைத்தே தின்றது போதுமா என்று கணக்குப் பார்ப்பேன்.

தோலுரிக்கப் போகும் பூச்சி ஒன்றிரண்டு நாள் தின்னாது, கூரையின் ஒரு இடத்தை விட்டு அசையாது. அந்த நேரம் கூட்டில் ஈ மிச்சம் நின்றால் அவை மேலே நடந்து குழப்பும். சிப்பைத் திறந்து ஈக்களை வெளியே விடுவதே நல்லது. வலைக்கூட்டுக்கு மாறிய பிறகு தோலுரிப்பில் விழுந்தது ஒன்றே ஒன்று. கூட்டை நகர்த்திய நாளில் அது நடந்தது.

எறும்பைச் சொல்லாமல் விட முடியாது. சீனித்தண்ணிக்குச் சிற்றெறும்பு, தோலுரித்து மெத்தென்று தொங்கும் பூச்சிக்கு முசுறு. மேசையில் வைத்து, கால்களுக்குத் தண்ணீர்த் தகரம் வைத்துப் பார்த்தேன். சோளகத்தில் தண்ணீர் மத்தியானத்துக்குள் வற்றிவிடும். கடைசியில் கூட்டைச் சாய்ப்பு மரத்திலிருந்து ஒற்றைக் கம்பியில் தொங்கவிட்டு, கம்பியின் நடுவில் ஒரு விரற்கடை நீளத்துக்குக் கிறீஸ் பூசினேன். மாதம் ஒருமுறை புதிதாகப் பூசினால் போதும். பல்லியும் வர வழியில்லை.

புரட்டாசியில் ஆணையும் பெண்ணையும் பிரித்து அறிய முடிந்தது. வயிற்றின் அடிப்பக்கத்தில் ஆணுக்கு எட்டு மடிப்பு, பெண்ணுக்கு ஆறு. ஆணின் உணர்கொம்பு கடைசித் தோலுக்குப் பிறகு இறகு மாதிரி இரு பக்கமும் கிளை விட்டிருக்கும். பெண்ணுக்கு மெல்லிய நூல். ஆணுக்குத் தோலுரிப்பு ஒன்று குறைவு என்பதால் முன்னதாகவே வளர்ந்துவிடும், பெண் வளரும்வரை அதைக் காக்க வைக்க வேண்டும். ஆண்களைச் சூடு குறைந்த வடக்கு விறாந்தையில் தனிக் கூட்டில் வைத்தேன், வளர்ச்சி சற்று இழுபட்டது. தேவைக்கு மேலாக நின்றவற்றைக் கடைசித் தோலுக்கு முன்பே எங்கள் பின்வேலியில் விட்டேன்.

முதல் மழைக்கு ஈசல் வந்தது. விறாந்தை விளக்கடியில் வாளி வாளியாக. பெண் பூச்சிகள் அந்தக் கிழமை தின்ற அளவுக்கு வேறெப்போதும் தின்னவில்லை, வயிறு தடித்துவிட்டது. அப்புறம் ஆணைச் சேர்த்தேன். சேர்ப்பதற்கு முன் பெண்ணுக்கு வயிறு நிறைய ஈ கொடுத்தேன். ஆண் மாலையில் இருட்டுப்படும்போது பறந்து போய் முதுகில் ஏறியது, விடியும்வரை அப்படியே இருந்தது. பெண் அதைத் தொடவில்லை.

செலவு: நுளம்புவலை மூன்று மீற்றர் 1,050 ரூபா, சிப் 150, வெப்பமானி 900, பல்ப்பும் ஹோல்டரும் 480, தவிடும் கோழித்தீனும் எல்லாமாக 1,300 அளவில், ஈஸ்ட் 200. சிலாகை, கம்பி, பழம் சும்மா.

அடுத்த முறைக்குக் கூட்டின் ஆழத்தை 45 இலிருந்து 60 ஆக்கப் போகிறேன். வளர்ந்த ஆண் பறந்து வலையில் மோதி இறக்கை நுனி கிழிந்தது. சிப்பை மேல்வரை கொண்டுபோகாமல் கீழ்ப்பகுதியில் மட்டும் வைப்பேன், மேல்வரை தைத்த சிப்பில் தோலுரிக்கும் பூச்சி பற்றிக்கொண்டதால் அன்று முழுக்கத் திறக்க முடியவில்லை. முக்கியமாக, முட்டைக்கூடு பொரிக்க மூன்று கிழமை இருக்கும்போதே பழ ஈப் போத்தல்களைத் தொடங்கிவிட வேண்டும், நான்கு நாளுக்கு ஒரு புதுப் போத்தல் என்ற கணக்கில். இந்த முறை வைகாசியில் குஞ்சு வந்த பிறகுதான் ஈ தேடினேன், முதற்கிழமைச் சாவில் பாதி அந்தப் பட்டினியால் வந்தது. இப்போது கார்த்திகைக் கூடு கிளுவைக் குச்சியில் சாய்ப்புக்குக் கீழே தொங்குகிறது. ஈர மணலில் முதல் போத்தல் வைத்தாயிற்று.